தடிப்பாலம் இருந்த இடம்

பாலத்தைப் பார்க்கப் போக வேண்டும் என்று என் பெண்டாட்டி மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சபையில் பெண்கள் கூட்டத்துக்குப் போன இடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பழையாற்றின் மேல் ஆள் நடக்கிறதுக்கு மட்டும் என்று ஒரு பாலம் கட்டியிருக்கிறது, இரண்டு பக்கமும் பளபளவென்று கம்பி, சாயங்காலமானால் விளக்கு, நடுவில் உட்கார பெஞ்சு என்று. அவளுக்குக் கண்ணில் புரை எடுத்து ஆறு மாதம் ஆகிறது. அதிலிருந்து எதையும் கிட்டப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு ஆசை. வீட்டுச் சுவரில் பல்லி போனால்கூட நின்று பார்ப்பாள்.

நான் ஒவ்வொரு சாக்காகச் சொல்லித் தள்ளினேன். முட்டு வலிக்கிறது என்றேன். மழை வரும் என்றேன்.

“மழ எங்க வருகு? மானம் வெளுத்துக் கெடக்கு.”

“பாலத்துல என்னத்தப் பாக்கதுக்கு? பாலம்னா இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குப் போகதுக்கு உள்ளது.”

“அப்பம் போவோம். அந்தக் கரைக்கு.”

“அந்தக் கரையில நமக்கு ஆரு இருக்கா?”

“இந்தக் கரையில மட்டும் ஆரு இருக்கா? நீங்களும் நானும்தான்.”

அடுக்களையிலிருந்து மகள், “அப்பம் நான் ஆராம்?” என்று கேட்டாள்.

“நீ உனக்க மாப்பிள்ளைக்கு உள்ளவ. சும்மா கிட,” என்றாள் இவள்.

எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். இதையும் நான் சொல்லச் சொல்ல அந்த மகள்தான் எழுதுகிறாள். அவளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் இருந்தான். மூன்றரை வயசில் போய்விட்டான். இப்போது நடைபாலம் இருக்கிற இடத்தில் அப்போது தென்னந்தடிப் பாலம். பையன் போன அன்று அந்தத் தடிப்பாலத்தில் ஒரு காரியம் நடந்தது. அதில் பாதி ஊருக்கே தெரியும். மீதிப் பாதி அதுவரை என் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் அதை வைத்துக்கொண்டிருந்தேன். ஆற்றில் எத்தனையோ பாலம் இருக்கிறது. நான் அந்த இடத்துக்கு மட்டும் போனதில்லை. ஒரு மைல் சுற்றிப் பெரிய பாலம் வழியாகத்தான் போவேன். அவளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் நின்றால் சொல்லிவிடுவேன் என்று எனக்குப் பயம். சொல்லாமல் செத்துப்போய்விடுவேன் என்றும் பயம்.

கடைசியில் ஒரு புதன்கிழமை, சாயா குடித்த கையோடு, “கெளம்பு,” என்றேன். எனக்கே ஏன் என்று தெரியவில்லை. முந்தின நாள் டாக்டர் அவளுடைய நெஞ்சுப் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு மகளிடம் தனியாகப் பேசியிருந்தார். அதுவாக இருக்கலாம்.

தெருமுக்கில் ஆட்டோ ஓட்டுகிற பையன் எங்களைத் தெரிந்தவன்.

“பாட்டா, பாலத்துக்கா? செல்ஃபி எடுக்கப் போறியளா?”

“இவியளுக்க மோரைய எடுத்தா உனக்க போனு பொட்டிப்போவும் மக்கா,” என்றாள் என் பெண்டாட்டி. அவன் வடசேரி வரைக்கும் சிரித்துக்கொண்டே ஓட்டினான்.

பாலம் நன்றாகத்தான் இருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆற்றில் இரண்டு தூண், மேலே கான்கிரீட், அதன் மேல் வழுக்காத கல். மூன்று பேர் கைகோத்து நடக்கலாம். கம்பி இடுப்புக்கு மேல் உயரம். ஆறுதான் ஆறாக இல்லை. தண்ணீர் தெரியாதபடிக்கு ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. அதற்குள் நீலத்தில் ஒரு செருப்பு, பிளாஸ்டிக் கவர்கள், யாரோ தூக்கிப் போட்ட ஒரு தலையணை. முன்னே இந்த இடத்தில் மணல் தெரியும். குளிக்கிற ஆள் கால்விரலை எண்ணலாம். சோப்பு நுரை போகிற திசையைப் பார்த்து எந்தப் பக்கம் மடை திறந்திருக்கிறது என்று சொல்லுவோம். அதெல்லாம் சொன்னால் இப்போது இருக்கிறவர்களுக்குக் கதை.

அவள் பாலத்தில் ஏறினதும் கம்பியைத் தடவிப் பார்த்தாள். கீழே எட்டிப் பார்த்தாள். அக்கரையில் தென்னைகளுக்கு நடுவே ஒரு மாடி வீடு. சுவரெல்லாம் கறுத்து, மேலே ஒரு ஆலங்கன்று முளைத்து நின்றது. வாசல் கேட்டில் சங்கிலி.

“அன்னா, நீங்கோ செமந்த வீடு,” என்றாள்.

அவள் வாயால் அது வரும் என்று நான் நினைக்கவில்லை. நடுவில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் தடிப்பாலத்தைச் சொல்ல வேண்டும்.

மூன்று தென்னந்தடியைச் சேர்த்துக் கட்டி நடுவில் முட்டுக் கொடுத்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடிக்க மூங்கில். ஒரு ஆள்தான் நடக்கலாம், இரண்டு பேர் ஒதுங்க முடியாது. லாரி டவுன் கரையோடு நின்றுவிடும். அக்கரையில் யார் வீடு கட்டினாலும் கல், ஓடு, சிமெண்ட் எல்லாம் எங்கள் தலையில்தான் போக வேண்டும். நாங்கள் பதினாலு பேர் ஒரு செட்டு. அப்போது எனக்கு வீடும் அக்கரையில்தான். ஆற்றிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

அந்தப் பாலத்துக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்தது இல்லை. சுமடோடு வருகிறவனுக்குத்தான் வழி. வெறுங்கையோடு எதிரே வருகிறவன் பாதிப் பாலம் வந்திருந்தாலும் பின்னால் நடந்து கரையேறி ஒதுங்க வேண்டும். சுமட்டுக்காரன் நிற்கவும் மாட்டான், திரும்பவும் மாட்டான். தலையில் ஒரு மூட்டையோடு தடியில் நின்றால் தடி ஆடும். ஆடினால் ஆளும் மூட்டையும் ஆற்றில். அதனால் வந்த சட்டம். ஒரு நேரம் இரண்டு ஆளுக்கு மேல் தடி தாங்காது. ஒருத்தன் இறங்க இறங்க அடுத்தவன் ஏறுவான். பதினாலு பேரும் கடந்து முடிய கால்மணி நேரம் பிடிக்கும். வரிசை தொடங்கிவிட்டால் நடுவில் அறுக்கக் கூடாது.

ஒரு தடவை ஒரு கிராம அதிகாரி கையில் காகிதக் கட்டோடு பாதி தூரம் வந்துவிட்டார். “எனக்க கையிலயும் கட்டு இருக்குவே, இது சுமடு இல்லியா?” என்று கேட்டார். எங்களில் ஒருத்தன் மூட்டைக்கு அடியிலிருந்தே, “தலையில வச்சிட்டு வாரும், வழி தாறோம்,” என்றான். அவர் பின்னால் நடந்துதான் போனார். நாங்கள் அதைச் சொல்லி ஒரு வருஷம் சிரித்தோம்.

பெண்களுக்கும் அதே சட்டம்தான். தலையில் புல்லுக்கட்டு இருந்தால் சுமடு. விறகு இருந்தால் சுமடு. இடுப்பில் இருக்கிற குடம் சுமடு இல்லை. இடுப்பில் இருக்கிற பிள்ளையும் சுமடு இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து போகலாமே என்பது நாங்கள் கண்ட நியாயம்.

வரிசைக்கு முன்னால் போகிறவன் நான். பாலத்தில் கால் வைக்கிறதுக்கு முன்னால் “சுமடே... ஏ... சுமடு!” என்று ஒரு சத்தம் விட வேண்டும். அக்கரையில் ஏற நிற்கிறவர்கள் கேட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். எனக்கு அப்போது நல்ல தொண்டை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வயலில் நிற்கிற மாடுகூடத் திரும்பும்.

அந்த மாடி வீட்டுக்காரர் கல்ஃபில் இருந்து வந்து வீடு தொடங்கினார். எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் கான்கிரீட் வீடு. சிமெண்ட் வந்த அன்று காலையிலேயே வேளிமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. லாரியில் மூட தார்ப்பாய் இல்லை. “மழைக்கு முன்ன அக்கரை சேக்கணும், ஒரு மூடு நனையப்பிடாது,” என்று மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தான். ஒரு மூடு என்றால் ஒரு மூட்டை.

பையனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். கிளம்பும்போது அவள் சொன்னாள், “பிள்ளைக்கு மேலு சுடுகு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்.”

“இந்த லோடு எறக்கிட்டு வாறேன். மத்தியானம் போவோம்,” என்றேன்.

“மத்தியானமா?”

“மழ வருகுட்டி. இண்ணைக்கு நான் போகாம இருந்தா ஆரு முன்ன போவா?”

பையன் பாயில் கிடந்தான். நான் சும்மாட்டுத் துணியை எடுக்கும்போது அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். அது அவன் விளையாட்டு. நான் இழுக்க வேண்டும், அவன் விடமாட்டான். அன்று இழுத்தவுடனே விட்டுவிட்டான்.

சிமெண்ட் மூட்டை சுமக்கிறது ஓடு சுமக்கிற மாதிரி இல்லை. மூட்டை தலையிலும் கழுத்திலுமாகப் படுக்கும். அதன் முன்பக்கம் நெற்றிக்கு மேல் தொங்கும். தூசு மூக்கில் ஏறாமல் இருக்க வாயையும் மூக்கையும் துண்டால் கட்டியிருப்போம். கண்ணுக்குத் தெரிகிறது காலுக்கு முன்னால் மூன்றடித் தடிதான். ஆளைப் பார்க்க முடியாது, காலைத்தான் பார்க்கலாம். எங்களுக்கு ஊரில் பாதிப் பேரைக் காலை வைத்துத் தெரியும்.

துண்டைக் கீழே இறக்கிச் சத்தம் விட்டேன். பிறகு துண்டை ஏற்றிக்கொண்டு ஏறினேன். முக்கால் பாலம் போனபோது எதிரே இரண்டு பாதம் தெரிந்தது. அது பின்னால் நடக்கத் தொடங்கியிருந்தது. தடியில் ஒவ்வொரு காலாகப் பின்னால் வைத்து வைத்துப் போனது. நான் கரை இறங்கும்போது அது பக்கத்துச் சேற்றில் இறங்கி ஒதுங்கி நின்றது. நான் தாண்டிப் போனேன். என் பின்னால் இரண்டாமவன், அவன் பின்னால் மூன்றாமவன்.

அது என் பெண்டாட்டி. தோளில் பையன். காய்ச்சல் தலைக்கேறி அவனுக்கு ஒரு தடவை ஜன்னி இழுத்திருக்கிறது. பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. மத்தியானம் வரை பொறுக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருக்கிறாள். அவள் ஐந்தாவது ஆளிடம், “அண்ணே, பிள்ளைக்குச் சொகமில்ல,” என்று சொல்லியிருக்கிறாள். அவன், “இன்னா தீந்துட்டு மைனி, இன்னும் கொஞ்சம் பேருதான்,” என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறான். அவனும் நல்லவன்தான். மூட்டைக்கு அடியில் இருந்து பார்த்தால் எல்லாம் சின்னக் காரியமாகத்தான் இருக்கும். பதினாலு பேரும் கடக்கிற வரைக்கும் அவள் அந்தச் சேற்றில் நின்றாள்.

வீட்டு வேலை நடக்கிற இடம் உள்ளே தள்ளி. மூட்டையை இறக்கி, அடுக்கி, மேலே ஓலை போட்டுவிட்டு நான் திரும்பி நடக்கும்போது கடைசி ஆள் எதிரே வந்தான். “மைனி பிள்ளைய அள்ளிக்கிட்டு ஓடினாவ. என்னன்னு கேளும்,” என்றான். நான் ஓடினேன். ஆஸ்பத்திரியில் வராந்தா பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். பையன் மடியில். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டாக்டர், “நேற்றே கொண்டுவந்திருக்க வேண்டும்,” என்றார். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா, “ஒரு பத்து நிமிசம் முந்தி வந்திருந்தா...” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த ஆயா எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லுவாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். டாக்டர் சொன்னது சரியா, ஆயா சொன்னது சரியா என்று நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். டாக்டர் சொன்னது சரி என்றாலும் முந்தின நாள் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாததும் நான்தான்.

மழை அன்று சாயங்காலம் வரைக்கும் பெய்யவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது.

அடக்கம் முடிந்து வந்து உட்கார்ந்திருக்கும்போது என் அம்மை எல்லாருக்கும் முன்னால் கேட்டாள், “எலே, உனக்க பிள்ள நிக்கத நீ கண்டியாலே? கண்டுட்டா போன?”

நான் வாயைத் திறக்கிறதுக்குள் என் பெண்டாட்டி சொன்னாள். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை. “அவிய எப்படி அத்தே காணுவாவ? சாக்கு கண்ண மறச்சிருக்கும்லா. காணல்ல.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. அவளுடைய அப்பன் என்னை வெட்டுவேன் என்று வெட்டுகத்தியோடு வந்து நின்றார். அவரிடமும் அவள் அதைத்தான் சொன்னாள். சபை ஐயர் வந்து ஜெபம் பண்ணினபோது அவரிடமும் சொன்னாள். பிறகு வருஷக்கணக்கில், யார் பேச்செடுத்தாலும் அவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான். அவிய காணல்ல.

அவள் வலது புறங்காலில் ஒரு தழும்பு உண்டு. கல்யாணமான புதிதில் கஞ்சி வடிக்கும்போது கொட்டினது. மாவிலை மாதிரி நீளமாக, வழுவழு என்று இருக்கும். அன்று தடியில் பின்னால் நடந்த காலில் அந்தத் தழும்பைக் கண்டேன். இன்னார் என்று தெரிந்தது. தினமும் அவள் எனக்குக் கஞ்சி கொண்டுவருவாள். கஞ்சி கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன். தேங்காய்த் துவையல் இருக்குமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அவள் கஞ்சி கொண்டுவருகிறது பத்தரைக்கு. அப்போது மணி ஒன்பதுகூட இல்லை. கஞ்சி நேரம் ஆகவில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. கரையேறின பிறகு மூட்டையைப் போட்டுவிட்டு, “ஏட்டி, என்ன?” என்று கேட்டிருக்கலாம். டவுன் கரையைப் பார்த்து, “நிறுத்துலே!” என்று ஒரு சத்தம் விட்டிருந்தால் மூன்றாமவன் ஏறியிருக்கமாட்டான். எனக்கு அப்போது நல்ல தொண்டை என்று சொன்னேனே. செய்யவில்லை. வரிசையை அறுத்தவன் என்று பேர் வரும் என்று யோசித்தேனா, மழையை யோசித்தேனா, ஒன்றுமே யோசிக்கவில்லையா, தெரியவில்லை. கால் போனது, நானும் போனேன்.

இதுதான் அந்த மீதிப் பாதி.

அவள் வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“இஞ்சதான் நின்னேன் பாத்துக்கிடுங்கோ,” என்று அக்கரைப் பக்கம் கையைக் காட்டினாள். “அன்னா அந்தப் படி இருக்குல்லா, அதுக்கக் கீழ. அப்பம் சேறு. இப்பம் படி கெட்டிட்டாவ.” சாதாரணமாகத்தான் சொன்னாள். வருஷம் போனால் எல்லாம் அப்படித்தான் ஆகிவிடும். பிறகு, நான் கேட்காமலே, “நீங்கோ என்ன செய்வியோ. சாக்கு மறச்சுட்டு,” என்றாள்.

“நான் கண்டேன் பிள்ளே.”

“என்னத்த?”

“அண்ணைக்கு. உனக்க காலக் கண்டேன். தழும்பக் கண்டேன். நீதான்னு தெரியும். கஞ்சி நேரம் ஆவல்லன்னும் தெரியும். நிக்காமப் போனேன்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆகாயத்தாமரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு பெண்ணும் பையனும் வந்தார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள் ஆகியிருக்கும் போல, அந்தப் பெண் கழுத்தில் மஞ்சள் மாறாத கயிறு. “பாட்டி, கொஞ்சம் அங்கோட்டு இருக்கியளா? ஒரு போட்டோ எடுத்துக்கிடுதோம்,” என்றாள். என் பெண்டாட்டி எழுந்து, “எடுங்கோ மக்கா, எடுங்கோ,” என்று சிரித்துக்கொண்டே ஒதுங்கிக் கம்பியோடு நின்றாள். நானும் எழுந்தேன். அவர்கள் நாலைந்து எடுத்தார்கள். போகும்போது, “தேங்க்ஸ் பாட்டி,” என்றார்கள். அவர்கள் அந்தக் கோடிக்குப் போன பிறகு அவள் கேட்டாள்.

“இத எதுக்கு இப்பம் சொன்னியோ?”

“சொல்லாம இருக்க முடியல்ல.”

“இம்புட்டு நாளும் இருந்தியள்லா?”

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“உங்க அம்மை கேட்டப்பம் நான்தான சொன்னேன், காணல்லன்னு. எங்க அப்பன் வெட்டுகத்தியோட நின்னப்பம் நான்தான் இடையில விழுந்து சொன்னேன். எல்லார்ட்டயும் சொல்லிச் சொல்லி எனக்கும் அதுதான்னு ஆயிப்போச்சு. அதுல காலூணித்தான் நான் அவன் போனதுக்குப் பொறவு பிள்ள பெத்ததும் வளத்ததும், உங்களுக்கு ஆக்கிப் போட்டதும்.” அவள் குரல் உயரவில்லை. “இப்பம் நான் என்னத்தச் செய்யணும்? சொல்லுங்கோ. உங்களுக்கு எறக்கி வச்சாச்சு. எனக்கு?”

சொல்லிவிட்டால் அவள் அழுவாள், நானும் அழுவேன், திட்டுவாள், பிறகு ஒரு சமாதானம் வரும் என்றுதான் நான் நினைத்து வைத்திருந்தேன். அவளுக்கு என்ன ஆகும் என்று நினைக்கவில்லை. நாற்பது வருஷம் யோசித்தும் என்னைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

“போவோம்,” என்றாள். அக்கரைக்குப் போக வேண்டும் என்று வந்தவள் பாதியோடு திரும்பினாள். நான் கையை நீட்டினேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஆட்டோப் பையன், “பாலம் எப்படி இருக்கு பாட்டீ?” என்று கேட்டான். “நல்லாத்தான் கெட்டியிருக்காவ,” என்றாள். மகள் கேட்டபோதும் அதையே சொன்னாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சில்லை.

அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் எல்லாம் வழக்கம்போலத்தான் செய்தாள். காலையில் சாயா தந்தாள். மாத்திரையை எடுத்துக் கையில் வைத்தாள். சாயங்காலம் விளக்கு போட்டதும் குடும்ப ஜெபத்தில் எல்லாருக்காகவும் சொன்னாள். என் முட்டு வலிக்காகவும் சொன்னாள், ஒரு வார்த்தை குறையாமல். நான் கண்ணை மூடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரே ஒரு வித்தியாசம்: என்னிடம் எதையும் கேட்கிறதில்லை. இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்றுகூட. அளந்து போட்டுவிட்டுப் போய்விடுவாள்.

ஒன்பது பத்து நாள் இப்படிப் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை மீன்காரி நல்ல சாளை கொண்டுவந்தாள். மகளும் மருமகனும் பூதப்பாண்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அவள் பின்வாசலில் சட்டியை வைத்துக்கொண்டு மீன் ஆய உட்கார்ந்தாள். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தோம். பூனை ஒன்று மதிலில் வந்து உட்கார்ந்தது.

“அவன் மயங்கித்தான் கெடந்தான்,” என்றாள்.

நான் நிமிர்ந்தேன். அவள் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வீட்ல இருந்து தூக்கினதுல இருந்து கண்ணத் தொறக்கல்ல. விளிச்சேன், அனங்கல்ல. பாலத்துல கால வச்சப்பம் நீங்கோ அந்தக் கரையில இருந்து சத்தம் விட்டியோ. அப்பம் கண்ண முழிச்சான். தலயத் தூக்கினான். ‘அப்பா வாறாரு’ன்னான்.”

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

“நான் பின்னால நடக்க நடக்க அவன் உங்களப் பாத்துட்டே வந்தான். நான் சேத்துல எறங்கி நின்னேன். நீங்கோ தாண்டிப் போனியோ. அவன் தோள்ல கெடந்துக்கிட்டே கழுத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தான். நீங்கோ தென்னைக்கு அந்தப் பக்கம் போற வரைக்கும். பொறவு தலயப் போட்டுட்டான்.”

“இத... இத ஏன் பிள்ளே இவ்வளவு நாளும் சொல்லல்ல?”

“காணாதவங்கிட்டப் போயி இதச் சொல்லி எதுக்கு? அந்த மனுசன் பொறவு உசுரோட இருப்பானா?” அவள் ஒரு சாளையின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து மதிலோரம் போட்டாள். பூனை குதித்தது. “கண்டுட்டுப் போனவருட்ட சொல்லலாம்லா.”

நான் அழுதேன். வயசான ஆண்பிள்ளை அழுகிறது பார்க்க நன்றாக இருக்காது. மூக்கு ஒழுகும், வாய் கோணும். மீன் கையால் துடைக்கவும் முடியாது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. திட்டவும் இல்லை.

அன்று நான் பார்த்தது இரண்டு பாதம் மட்டும்தான். இத்தனை வருஷமும் எனக்கு அதுதான் தெரியும். ராத்திரியும் பகலும் அந்தத் தழும்பு மட்டும்தான் வரும். இப்போது தோளில் கிடந்து கழுத்தைத் திருப்புகிற ஒரு தலையும் தெரிகிறது. அது அவளுக்கு இத்தனை நாளும் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அவள் கையை நீட்டினாள்.

“அத இஞ்ச தாருங்கோ.”

நான் ஆய்ந்து வைத்திருந்த மீனைத்தான் கேட்டாள். கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

“செதிள் அப்பிடியே இருக்கு. இப்பிடியா சொரண்டுகது?”

“கண்ணு தெரியல்ல பிள்ளே.”

நான் ஆய்ந்ததை எல்லாம் எடுத்து மறுபடியும் ஆயத் தொடங்கினாள். நான் குடத்திலிருந்து தண்ணீர் கோரி, கழுவுகிறதுக்காக, சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொடுத்தேன்.

“போதும்,” என்றாள். பிறகு, “இன்னும் கொஞ்சம் விடுங்கோ,” என்றாள்.